கொல்லாமல் முதிரவைக்கும் மாத்திரை

கேள்வி: ஒரு நொதியை முடக்கினால் ரத்தப் புற்றணு முதிர்ந்த அணுவாக மாறுமாமே, எப்படி?

பதில்: எல்லா ரத்தப் புற்றிலும் அல்ல. கடும் மைலாய்டு லுகேமியா நோயாளிகள் சிலரிடம் ஐடிஹெச்2 நொதி மரபுப் பிறழ்வால் தடம்மாறி, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேதிப்பொருளைக் குவிக்கிறது. டிஎன்ஏவில் மரபணுக்களைப் பூட்டிவைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளை நீக்க உதவும் டெட்2 நொதியை அந்த வேதிப்பொருள் தடுப்பதால், முதிர்ச்சிக்கான மரபணுக்கள் பூட்டியே கிடக்கின்றன. அணு பிஞ்சிலேயே நின்றுவிடுகிறது. பிறழ்ந்த ஐடிஹெச்2-வை முடக்கும் எனாசிடெனிப் மாத்திரையைத் தினம் 100 மி.கி. கொடுத்தால் பூட்டு திறக்கக்கூடும். பலன் தெரிய மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு நிறுத்துவது பிழை.

விநோதம், முதிரும் அணுக்களே தொல்லையும் தரும். காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடையேற்றம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்றுதானா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், 12 மணிக்கொருமுறை 10 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவார்கள். மாத்திரையை நிறுத்தினால் மட்டும் அடங்காது. அது உடலில் நாள்கணக்கில் தங்கும்.