ஜாங்கோ தெரிந்த பாப்பாவுக்கு டேட்டாபேஸ் கோர்ஸ் தேவையா?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசருங்க. பாப்பா பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருசம். பைதான், ஜாங்கோ படித்து ஒரு வெப்சைட்டும் செய்து வைத்திருக்கிறாள். கோயமுத்தூரில் ஒரு இண்டர்வியூவில் "டேட்டாபேஸ் பக்கம் ஒன்றும் தெரியலையே" என்று அனுப்பிவிட்டார்களாம். இப்போது ஒரு சென்டரில் ஆறு மாத டேட்டாபேஸ் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமுங்களா?

இப்போதைக்குக் கட்ட வேண்டாமுங்க அண்ணா. பாப்பா படிக்க வேண்டியது இருக்கிறது, ஆனால் அதற்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை.

ஜாங்கோ என்பது பைதானில் வெப்சைட் கட்டுவதற்கான ஒரு சட்டகம். அதில் ஓஆர்எம் என்று ஒரு பகுதி உண்டு. டேட்டாபேஸிடம் பேசுகிற மொழியான எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதாமல், பைதானிலேயே "இந்தப் பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) லாட்டையெல்லாம் (சாயத்துக்கு வந்த துணித் தொகுதிகளையெல்லாம்) கொடு" என்று எழுதினால், அதுவே எஸ்க்யூஎல் ஆக்கி டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கித் தரும். வசதிதான். அந்த வசதியிலேயே நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், அடியில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. 100 லாட்டை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்ட்டி பெயரைப் போட்டால், கவனிக்காமல் எழுதிய ப்ரோகிராம் கோடு டேட்டாபேஸை 101 முறை தட்டும். செலக்ட் ரிலேட்டட் என்று ஒரு சொல் சேர்த்தால் ஒரே முறை. இண்டர்வியூவில் முதலில் நோண்டுவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

இதைத் தாண்டியும் ஒரு படி இருக்கிறது. உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நம்பர் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் காலை 8 முதல் மதியம் 2 வரை ஒரு லாட் போடுகிறீர்கள். அதே நிமிடம் ஆபீஸில் இன்னொருவர் 12 மணிக்கு வேறு லாட்டை அதே மெஷினில் போடுகிறார். "மெஷின் காலியா?" என்று பார்த்துவிட்டு சேவ் செய்கிற மாதிரிதான் பாப்பா கோடு எழுதியிருப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு பேருக்கும் "காலி" என்றே பதில் வரும், இரண்டும் சேவ் ஆகும். அப்புறம் ஷிப்டில் சண்டைதான். பைதானில் எத்தனை இஃப் போட்டாலும் அந்த இடைவெளி முழுசாக அடைபடாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயிண்ட் என்று ஒன்று உண்டு. "மெஷின் ஒன்றாக இருந்து, நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஏற்காதே" என்று டேபிளிலேயே எழுதி வைத்துவிடலாம். 2019 டிசம்பரில் வந்த ஜாங்கோ 3.0 முதல் இதை ஓஆர்எம் வழியாகவே மாடலில் எழுதலாம். ஆரம்ப நேரம், முடிவு நேரம் என்று இரண்டு தனி ஃபீல்டு வைக்காமல், இரண்டையும் சேர்த்து ஒரே ரேஞ்ச் ஃபீல்டாக வைத்தால் எளிது. மெஷின் நம்பரையும் சேர்த்து ஒப்பிட பீட்ரீ-ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை (போஸ்ட்கிரெஸின் கூடுதல் பாகம்) மைக்ரேஷனில், அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் ஃபைலில், ஏற்ற வேண்டும், பல பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 2 மணிக்கு முடிகிற லாட்டும் 2 மணிக்கு ஆரம்பிக்கிற லாட்டும் மோதாது, ஏனென்றால் ரேஞ்சின் கடைசி நொடி வழக்கமாகக் கணக்கில் சேராது. கேன்சல் ஆன லாட்டை விட்டுவிடச் சொல்லவும் கண்டிஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. இத்தனையும் வைத்த பிறகு யாராவது மோதுகிற மாதிரி போட்டால் இன்டெக்ரிட்டி எர்ரர் வரும். அதைப் பிடித்து "அந்த நேரத்தில் மெஷின் ஓடுதுங்க" என்று திரையில் காட்டுவது பாப்பாவின் வேலை. இதைச் செய்து காட்டி, ஏன் செய்தாள் என்றும் சொல்லத் தெரிந்த பெண்ணை "டேட்டாபேஸ் தெரியாது" என்று யாரும் அனுப்பமாட்டார்கள்.

இரண்டாவதாக, பார்ட்டி கணக்கு. துணி இத்தனை கிலோ வந்தது, டிசி (டெலிவரி சலான்) போட்டு இத்தனை கிலோ போனது, ஒவ்வொரு வரியிலும் மீதி எவ்வளவு. நோட்டில் நீங்கள் எழுதுகிற அதே கணக்குதான். இதை லூப் போட்டுக் கூட்டாமல் விண்டோ ஃபங்ஷன் வைத்து டேட்டாபேஸையே கூட்டச் சொல்லலாம். ஜாங்கோ 2.0-விலிருந்தே இருக்கிறது.

மற்றதெல்லாம் மேலோட்டமாகத் தெரிந்தால் போதும். எந்த அமைப்பில் இருக்கிற விவரத்தையும் அப்படியே போட்டு வைக்கிற ஜேசன் ஃபீல்டு வசதிதான், ஆனால் எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. தேடல் வசதியில் ஒரு சந்தோஷமான விஷயம்: போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டித் தேடுகிற வசதி கூடவே வருகிறது.

படிக்கிற முறையைச் சொல்கிறேன். ஜாங்கோ புது ப்ராஜெக்ட் தொடங்கினால் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ்தான் தானாக வரும். மெஷின் நேரத்துக்கான அந்த கன்ஸ்ட்ரெயிண்ட் அதில் ஓடாது. அதனால் முதல் நாளே போஸ்ட்கிரெஸ் போட்டுவிடச் சொல்லுங்கள், அது இலவசம். ஜாங்கோவின் சொந்த ஆவணங்களும் இலவசம், பல சென்டர் நோட்ஸைவிடத் தெளிவானவை. ஓஆர்எம்மில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் என்ன எஸ்க்யூஎல் போகிறது என்று பிரிண்ட் செய்து பார்க்கட்டும். டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டுகிற எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டு, இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கிற அட்டவணை மாதிரி) பிடிக்கிறதா, முழு டேபிளையும் துழாவுகிறதா என்று பார்க்கட்டும். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் கை பழகிவிடும். ஏஐ கேட்டால் இந்தக் கோடை நொடியில் எழுதித் தரும், வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அது தந்தது சரியா என்று எக்ஸ்ப்ளெயினைப் படித்துச் சொல்ல அவளுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று மாதம் கழித்தும் தனியாக நகரவில்லை என்றால் அப்போது கோர்ஸைப் பற்றிப் பேசலாம். அதுவும் ஆறு மாதம் வேண்டாம். சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

கோயமுத்தூரில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்துப் பெரிய கம்பெனிகளை மட்டும் பார்க்காதீர்கள். பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிற சின்ன நிறுவனங்கள் திருப்பூரிலேயே உண்டு. லாட், டிசி, ஷேடு என்றால் என்னவென்று தெரிந்த பெண் அவர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை. ரெஸ்யூமில் "ஜாங்கோ தெரியும்" என்று எழுதுவதைவிட "சாயப்பட்டறை மெஷின் புக்கிங், நேர மோதலை டேட்டாபேஸிலேயே தடுத்தது" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். செய்த கோடைப் பிறர் பார்க்க கிட்ஹப் என்ற தளத்தில் ஏற்றும்போது உங்கள் பட்டறையின் உண்மையான பார்ட்டி பெயர், ரேட், ஷேடு ரெசிபி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. எல்லாம் கற்பனைப் பெயராக மாற்றச் சொல்லுங்கள். முதலாளி காதிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.