அரசிதழில் அச்சாகும் சதி

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் சித்தப்பா 2013-இல் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்த் துண்டறிக்கை கொடுத்தவர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு யூரியாவை விட்டவர். இன்றைக்கும் பத்து மா நிலத்தில் கருப்புக்கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறார். விதை பரிமாறிக்கொள்ள அவர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது விதையைப் பற்றிப் பேச்சே கிடையாது. இலுமினாட்டி, உலகை ஆளும் பதின்மூன்று குடும்பங்கள், ஊசிக்குள் சிப், சித்தர்கள் சொன்ன யுகமாற்றம், ‘விழித்தவர்கள் – உறங்குகிறவர்கள்’ என்று நாள் முழுக்க ஓடுகிறது. எல்லாக் கட்சிக்கும் பின்னால் ஒரே கைதான் என்று சொல்லி ஓட்டுப் போடவும் போகவில்லை. இப்போது அவர் பேரனுக்கு, அதாவது என் தங்கை மகனுக்கு, ஒன்பதாம் மாத ஊசி போடக்கூடாது என்று நிற்கிறார்.

மரபு விதை, யோகா, சித்த மருத்துவம் என்று நல்ல வழியில் போனவர்கள் ஏன் இங்கே வந்து சேர்கிறார்கள்? மீத்தேனை எதிர்த்தபோது எங்களையும் வதந்தி பரப்புகிறவர்கள் என்றுதானே சொன்னார்கள்? அப்படியானால் அன்று நாங்கள் பேசியதற்கும் இன்று சித்தப்பா பேசுவதற்கும் என்ன வித்தியாசம்?

எம்.

—

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில்தான் முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

மீத்தேன் விவகாரத்தில் மறைப்பு இருந்தது. 2010-இல் மத்திய அரசு மன்னார்குடி வட்டாரத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. 2011 ஜனவரியில் மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. நிலத்துக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சங்கதி அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் அந்தத் திட்டத்துக்கு நிறுவனப் பெயர் இருந்தது, வரைபடம் இருந்தது, வேலை நடக்கும் முறை எழுத்தில் இருந்தது. பூமிக்கடியில் நிலக்கரியோடு ஒட்டிக்கிடக்கும் மீத்தேனை நீரின் அழுத்தம்தான் பிடித்துவைத்திருக்கிறது. வாயு வெளியே வரவேண்டுமென்றால் முதலில் அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டவேண்டும். கடைமடையில் போர் போட்டால் ஏற்கெனவே உப்புத்தண்ணீர் வருகிறது. வருஷக்கணக்கில் அடிநீரை இறைத்தால் கடல் உள்ளே ஏறாதா, இறைத்ததை எந்த வாய்க்காலில் விடுவீர்கள் என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். இதற்கு ஒரு நிலத்தடி நீர் நிபுணர் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லமுடியும். சொல்லவேண்டிய கட்டாயம் வந்தது. 2013 ஜூலையில் ஜெயலலிதா அரசு வேலையை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது. 2015 அக்டோபரில் திட்டத்துக்கு அனுமதி இல்லை என்றது. 2020 பிப்ரவரியில் சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களும் சட்டத்தை வரிவரியாகப் படித்தவர்கள்தான்.

அதற்கு முந்தைய மாதம் நடந்ததையும் சொல்லவேண்டும். நிலப்பகுதியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் பணிக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இருட்டறையில் முகமூடி போட்டுக்கொண்டு யாரும் அதைச் செய்யவில்லை. அரசிதழில் எண்ணோடும் தேதியோடும் அச்சானது. நமக்கு ஆகாதவை பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. யாரும் படிக்கமாட்டார்கள் என்பதே போதுமான மறைவிடம்.

இலுமினாட்டிக்கு எதிராக எந்தத் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது? அப்படி ஒரு சங்கம் இருந்தது உண்மை. 1776 மே 1 அன்று பவேரியாவில் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கினார். மதகுருமார் பிடியிலிருந்து கல்வியை விடுவிப்பது நோக்கம். பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பவேரியாவை ஆண்டவர் தடைபோட்டு ஒழித்துவிட்டார். 1797-இல் பிரான்சிலிருந்து லண்டனுக்குத் தப்பிவந்திருந்த பாருவெல் என்ற பாதிரியாரும் ஸ்காட்லாந்தில் ராபிசன் என்ற பேராசிரியரும், பிரெஞ்சுப் புரட்சியே அந்தச் செத்துப்போன சங்கத்தின் வேலை என்று எழுதினார்கள். பசித்த ஜனங்கள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள் என்பதை அவர்களால் நம்பமுடியவில்லை. இன்று உங்கள் குழுவில் சுற்றுவது அந்த இருவரின் கோபத்துக்கு வாரிசு. மக்கள் போராட்டத்தை அவமதிக்கப் பிறந்த கதையை ஒரு போராட்டக்காரர் சுமந்து திரிகிறார். எனக்கு இதுதான் வருத்தம்.

இனி முதல் கேள்வி. உங்கள் சித்தப்பா ஒருமுறை சரியாகச் சந்தேகப்பட்டார். அதிகாரியும் நிபுணரும் ஒரு பக்கம் நின்றபோது அவர் எதிர்ப்பக்கம் நின்றார். அரசே பிறகு அவர் பக்கம் வரவேண்டியிருந்தது. உரக்கடைக்காரர் சிரித்தபோது யூரியாவை விட்டார். நிலம் அவரைக் கைவிடவில்லை. தஞ்சை ஜில்லாவில் 1960-இல் போர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர வேளாண் திட்டம் வந்தது, ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது, மூட்டை உரமும் மருந்தும் வந்தன. பஞ்சம் போனது, பல நாட்டு ரகங்களும் போயின. இது எல்லாம் பலகை வைத்து நடந்தது. அந்த வரலாற்றை அறிந்தவருக்கு ‘வெளிநாட்டுக்காரன் நம் விதையை அழித்தான்’ என்ற வாக்கியம் பாதி உண்மையாகத் தெரியும். இந்தப் பாதி உண்மைதான் வாசல். ஒருமுறை சந்தேகம் பலித்துவிட்டால் அதற்குப் பிறகு சந்தேகமே ஆதாரம் ஆகிவிடுகிறது.

அந்த வாசலுக்கு உள்ளே இருப்பது ஆன்மிகம். மைக்கேல் பார்க்குன் என்ற அமெரிக்க அறிஞர் 2003-இல் சதிக் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று நம்பிக்கைகள் இருப்பதாக எழுதினார். தற்செயலாக எதுவும் நடப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது உண்மையல்ல. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. படித்தபோது எனக்கு ஏதோ ஒரு மார்கழி மாதச் சொற்பொழிவைக் கேட்பதுபோல இருந்தது. வினை, மாயை, அண்டத்தில் உள்ளது பிண்டத்தில்! இந்த மூன்றையும் பால்குடி மறக்கும் முன்பே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சதிக் கதை நம் காதுக்கு அந்நியமாகப் படாமல் போவதற்கு இது பெரிய காரணம். 2011-இல் சார்லட் வார்ட், டேவிட் வோஸ் என்ற இருவர் இந்தக் கலவையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஒரு ரகசியக் கும்பல் உலகை ஆட்டிவைக்கிறது என்பது ஒரு நம்பிக்கை. மனிதகுலம் புதிய விழிப்புநிலைக்குள் நுழைகிறது என்பது இன்னொன்று. இரண்டும் கைகோத்துக்கொண்டன என்றார்கள். உங்கள் கடிதத்தில் வரும் யுகமாற்றமும் ‘விழித்தவர்களும்’ அச்சு மாறாமல் அதுதான்.

ஆனால் நம் மரபில் வினை என்பது என்னைப் பார்த்துத் திரும்பிய விரல். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்றார் கணியன் பூங்குன்றனார். சதிக் கதை அந்த விரலை வெளியே திருப்பிவிடுகிறது. தீதெல்லாம் பிறர் தந்தது, நான் செய்யவேண்டியது தெரிந்துகொள்வது மட்டும். நோன்பு இல்லை, பயிற்சி இல்லை. வீடியோ பார்த்தால் ஞானம். சித்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு சித்தர்கள் கேட்டதை எல்லாம் கழற்றிவிட்ட ஆன்மிகம் இது.

இந்தச் சரக்கு நம் பக்கத்துக்கு வந்த வழி சுவாரசியமானது. பிளாவட்ஸ்கி அம்மையார் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய தியாசபிகல் சொசைட்டி 1882-இல் அடையாறுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் இமயத்திலிருந்து உலகை நடத்துகிறார்கள் என்பது அவர் போதனை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் தேவாங்கு இன விலங்குகள் இருப்பதை விளக்க 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் ஊகித்த லெமூரியா என்ற மூழ்கிய கண்டத்தை எடுத்து, ஆதிமனித இனம் ஒன்றின் தாயகமாக்கியவரும் அவர்தான். நம்மவர்கள் அதைச் சிலப்பதிகாரத்தில் கடல்கொண்ட பஃறுளியாற்றோடு சேர்த்து முடிச்சுப்போட்டார்கள். அதே சொசைட்டியின் ஜெர்மன் கிளைத் தலைவராக இருந்து பிரிந்துபோன ருடால்ஃப் ஸ்டைனர் 1924-இல் விவசாயிகளுக்குச் சொற்பொழிவு ஆற்றினார். பசுங்கொம்புக்குள் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்துவைக்கச் சொன்னார். உங்கள் சித்தப்பா கொம்பு சாண உரம் போடுகிறவராக இருந்தால், அது பாட்டன் முறை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். சொல்லிப்பாருங்கள், நம்பமாட்டார். (உரம் வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. சாணம் எங்கே புதைத்தாலும் சாணம்தான்.)

பூம்புகாருக்கும் அப்படி ஒருவர் வந்தார். கிரஹாம் ஹான்காக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 2001-இல் அங்கே கடலில் முக்குளித்தார். கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில் 23 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலியல் நிறுவனம் முன்பே பார்த்திருந்த லாட வடிவ அமைப்பைக் காட்டி, 11,000 வருஷத்துக்கு முந்தியது என்றார். அந்தக் கணக்கு கடல்மட்டம் உயர்ந்த காலத்திலிருந்து வந்தது. அமைப்பிலிருந்து எடுத்த பொருள் எதையும் சோதித்து வந்ததல்ல. தொல்லியலாளர்கள் உண்மையை அமுக்குகிறார்கள் என்பது அவருடைய நிரந்தரப் புகார். பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை ஏறக்குறைய கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பட்டினப்பாலையின் ஊருக்கு அந்தப் பெருமை போதாதா என்ன?

திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்று போகின்றன, நாசா அதிர்ந்துவிட்டது என்ற செய்தி உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். தாழ்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. நின்றால் மறுபடி கிளம்பாது, கீழே வந்துசேரும். எனக்கு வேடிக்கை வேறொன்றில். நிலாவில் இறங்கியதே நாசாவின் நாடகம் என்று காலையில் அனுப்புகிறவர்தான் சாயங்காலம் சனீஸ்வரனுக்கு நாசாவிடம் சான்றிதழ் வாங்கி அனுப்புகிறார். நளதீர்த்தத்தில் முழுகி எழுகிற கிழவிக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதே இல்லை.

சரி, இதில் அரசியல் எங்கே என்றால், சித்தப்பா போடாத ஓட்டில் இருக்கிறது. எல்லாம் ஒரே கை என்றால் எம்எல்ஏவிடம் கேட்க எதுவும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடுங்குகிறவனோடு சண்டை போடவும் வேண்டாம். ஆளுகிறவர்களுக்கு இதைவிட வசதியான எதிரி உண்டா? அவர்களும் தேவைப்படும்போது இதே கதையைச் சொல்வார்கள். 2012-இல் கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக மன்மோகன் சிங் சொன்னார். இடிந்தகரைப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள்மீது தேசத்துரோக வழக்கு. மீனவர்கள் தாங்களாகவே யோசிப்பார்கள் என்பதை ஏற்க முடியாத அதே பாருவெல் மனம். மேல்நாட்டில் இன்னும் மோசமாக முடிந்தது. 2020 ஆகஸ்டில் பெர்லின் ஊர்வலத்தில் ஹோமியோபதிக்காரர்களும் யோகாக்காரர்களும் பழைய பேரரசுக் கொடி தூக்கிய தீவிர வலதுசாரிகளும் ஒன்றாக நடந்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கொம்புத் தொப்பியோடு நுழைந்தவர், சிறையில் தன் ஆன்மிகத்துக்கு இயற்கை விவசாய உணவுதான் ஆகும் என்று கேட்டு வாங்கினார்.

ஊசி விஷயத்தில் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பின்லேடனைத் தேட அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது உண்மை. 2011-இல் பத்திரிகைகள் வெளியே கொண்டுவந்தன. அதன் பலியைப் பாகிஸ்தானின் போலியோ ஊழியர்கள் சுமந்தார்கள். நம் நாட்டிலேயே 2009-இல் கம்மத்திலும் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி சோதனைத் திட்டம் நடந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாகக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இறந்துபோன சிறுமிகளின் சாவுக்குப் பெரும்பாலும் ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனாலும் சம்மதம் வாங்கிய விதத்தை 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. பெண்கள் அமைப்புகள் ஊருக்குப் போய், படிவத்தைப் பார்த்து, கையெழுத்தை ஒப்பிட்டதால் வெளிவந்தது அது. சிப் தேடியவர்களால் வரவில்லை.

சித்தப்பாவிடம் இலுமினாட்டி பற்றி வாதாடாதீர்கள். அதில் அவர் உங்களைவிடத் தேர்ந்தவர். 2013-இல் அவர் செய்ததை மறுபடி செய்யச் சொல்லுங்கள். உங்கள் வட்டாரத்தில் போன வருஷம் எத்தனை குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள், எத்தனை பேருக்குப் பின்விளைவு பதிவானது, என்ன சிகிச்சை நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடட்டும். பதில் முப்பது நாளில் வந்தாகவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி என்று அவருக்கே தெரியும்.

பேரன் அதுவரை காத்திருக்க வேண்டாம். பாதுகாப்பில்லாத கூட்டத்தில் தட்டம்மை வந்த ஒருவர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு பேர்வரை தொற்றவைக்க முடியும். ஒன்பது மாதம் தாண்டிப் போயிருந்தாலும் ஊசி போட்டுக்கொள்ளலாம். முடிவு குழந்தையின் தாயுடையது. தங்கையிடம் நேராகப் பேசுங்கள். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடுவார்கள், நர்சம்மா உங்கள் ஊர்க்காரராகவே இருப்பார். தாய்-சேய் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.