மாரிக் கூதலுக்கு 45,000 ரூபாய்: ஹீற்றரா, கூரையா?

கேள்வி: மட்டக்களப்பு கோட்டைமுனையில் உள்ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். கணவர் டவுனுக்குள் ஓட்டோ ஓடுகிறார். மகளுக்கு பத்து வயது, மாமிக்கு எழுபத்திரண்டு. ஒவ்வொரு மாரிக்கும் படுக்கையறைக் கூரை ஒழுகும், துணி காயாது, மகளுக்கு இருமல், மாமி கூதலில் நடுங்குவார். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு மாரி பிடிக்கும். இந்த முறையாவது அதை நிம்மதியாக அனுபவிக்க ஆசை. கையில் 45,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடையொன்றில் 60,000 ரூபாய் சுடுதண்ணி ஹீற்றரை மாதம் 6,500 வீதம் 12 தவணையில் தருகிறார்கள். எடுக்கலாமா? "23 பாகைக்கு ஹீற்றரா, ஆடம்பரம்" என்கிறார் கணவர். எங்கள் கரண்ட் பில் மாதம் 85 யூனிற் அளவில் வரும்.

பதில்: சகோதரி, முதலில் அந்த 'ஆடம்பரம்' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். நுவரெலியாக் குளிர் எங்களுக்கு இல்லைதான். ஆனால் நனைந்த சுவர், ஈரப் பாய், நாலு நாளாய்க் காயாத சட்டை, அதன்மேல் வாடைக்காற்று என்று சேர்ந்துவிட்டால் 23 பாகையும் எழுபது வயதுக்காரரின் எலும்புக்குள் போய் இருக்கும். உங்கள் மாமிக்கும் மகளுக்கும் கூதல் படாமல் பார்ப்பது அரிசி வாங்குவதைப் போன்ற செலவு. மாரியை ரசிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் ஒரு தொகை ஒதுக்கத்தான் போகிறேன். ஆனால் அந்த ஹீற்றரை இப்போது எடுக்க வேண்டாம்.

தவணைக் கணக்கைப் பாருங்கள். 6,500ஐ 12ஆல் பெருக்கினால் 78,000. அதாவது 18,000 கூடுதல். 60,000க்கு 18,000 என்றால் வட்டி 30 வீதம் என்று மனம் சொல்லும். அது சரியல்ல. மாதாமாதம் முதலையும் சேர்த்தே கட்டுகிறீர்கள். ஆகவே வருடம் முழுக்க 60,000 உங்கள் கையில் இருப்பதில்லை, சராசரியாகப் பாதியைச் சற்றுத் தாண்டிய தொகைதான் இருக்கும். அந்தக் குறைந்த தொகைக்கு 18,000 என்று பார்த்தால் ஆண்டு வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. நகையை அடகு வைத்து ரொக்கமாக வாங்கலாமே என்றும் யாராவது சொல்வார்கள். அதையும் செய்யாதீர்கள்.

வட்டியைவிட எனக்குப் பயம் தருவது தவணை விழும் மாதங்கள். ஓட்டோக்காரருக்கு மாரி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடாமல் பெய்கிற நாளில் சனம் வீட்டை விட்டு வெளிக்கிடாது. வெள்ளம் ஏறினால் ஹயரே இல்லை. கடலுக்குப் போட்டுகள் போகாத நாட்களில் மீன் விலையும் ஏறும். நத்தார், புதுவருடம், பொங்கல், அதோடு மகளுக்குப் புது வகுப்புக் கொப்பி, சப்பாத்து என எல்லாம் அந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள்தான். வருமானம் குறைந்து செலவு கூடும் அந்தக் காலத்தில்தான் உங்கள் முதல் மூன்று தவணைகளும் விழும். ஒன்று தவறினால் கிழமைக் காசு லோன்காரரிடம் கை நீட்ட வேண்டி வரும். அந்தப் படிக்கட்டில் இறங்கிய குடும்பங்களை எங்கள் மாவட்டத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். உங்களை அதில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது கரண்ட். உடனடிச் சுடுதண்ணி ஹீற்றர்கள் பொதுவாக 3.5 கிலோவாற்று. ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் ஏறக்குறைய 0.58 யூனிற். நாலு பேர், முப்பது நாள் என்றால் 70 யூனிற். உங்கள் 85 ஒரேயடியாக 155 ஆகிவிடும். வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. படி மாறினால் யூனிற் விலையோடு மாதாந்த நிலைக் கட்டணமும் ஏறும். விலைகள் அடிக்கடி மாறுவதால் உங்கள் கடைசிப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டே பாருங்கள். உங்கள் வீட்டுக்கு முக்கியமான கோடு 90. அதைத் தாண்டவிடக் கூடாது.

தாண்டாமலே சுடுதண்ணி குளிக்கலாம். மூன்று லீற்றர் தண்ணியை கேத்தலில் கொதிக்க வைத்து, பன்னிரண்டு லீற்றர் பச்சைத் தண்ணியோடு கலந்தால் ஒரு வாளி முழுக்க 40 பாகை அளவில் இதமான தண்ணி. அதற்கு 0.3 யூனிற் போதும். மாமிக்கும் மகளுக்கும் நாளுக்கு ஒவ்வொரு வாளி என்றால் மாதம் 18 யூனிற். அந்த 18 எங்கிருந்து வரும்? மாரியில் மின்விசிறி ஓய்வெடுக்கிறதே! 60 வாற்று விசிறி ஒன்று இரவுக்கு ஒன்பது மணித்தியாலம் சுழன்றால் மாதம் 16 யூனிற். இரண்டு விசிறி இருக்குமென்று நினைக்கிறேன். ஒன்றை நிற்பாட்டிவிடுங்கள், சுடுதண்ணிக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். மற்றதை, ஆட்கள் படுக்காத அறையில் கொடி கட்டி, துணிகளுக்கு நேரே திருப்பிவிடுங்கள். இரவு முழுக்கச் சுழன்றாலும் முக்கால் யூனிற்றுக்கு மேல் போகாது. ஈரத் துணியை அயன் பண்ணிக் காயவைப்பது அதைவிடப் பல மடங்கு கரண்ட் குடிக்கும். பள்ளிக்கூடச் சட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் பில் 87, 88இல் நிற்கும்.

உங்களுக்கும் கணவருக்கும் வளவில் கிணறு இருந்தால் விடியப்புறம் நேரே அதில் அள்ளிக் குளியுங்கள். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணி வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கூரைமேல் தாங்கியில் இரவு முழுக்கக் கிடந்த தண்ணிதான் உடம்பைச் சில்லிட வைப்பது. சின்ன வயதில் அம்மா பின்வளவில் பொச்சும் சிரட்டையும் மூட்டி அண்டாவில் தண்ணி காயவைப்பார். இடம் இருந்தால் அதுவும் செய்யலாம். ஆனால் தணல் சட்டியைக் கதவு சாத்திய அறைக்குள் ஒருபோதும் கொண்டு போகாதீர்கள். அந்தப் புகையற்ற நச்சு வாயு நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இனிக் கூரை. உங்கள் 45,000இல் முதல் செலவு இதுதான், அதுவும் இந்தக் கிழமைக்குள். ஒழுகுகிற அறையில் எந்த ஹீற்றர் வைத்தும் பயனில்லை. காய்ந்த பாயில் காய்ந்த போர்வையோடு படுத்தாலே பாதிக் கூதல் போய்விடும். உடைந்த ஓடுகள், முகட்டுப் பூச்சு, பீலியில் அடைந்த சருகு, வீட்டைச் சுற்றிய கான், இவ்வளவையும் மேசனைக் கூட்டி வந்து காட்டுங்கள். வாடகை வீடு என்பதால் கூரை வீட்டுக்காரரின் பொறுப்பு. மழை நெருங்கிய நேரத்தில் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் நனையப் போவது நீங்கள்தான். நான் செய்யச் சொல்வது இது: மேசனின் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். செலவை நீங்கள் போட்டு, மாதம் 3,000 வீதம் வாடகையில் கழிப்பதற்கு அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்தில்லாமல் ஒரு சதமும் போடாதீர்கள். கூரைக்கு 18,000 ரூபாய் ஒதுக்குங்கள். அவ்வளவும் முடிந்தாலும் ஆறு மாதத்தில் அந்தக் காசு உங்களுக்கே திரும்பி வருகிறது. அவர் சம்மதிக்கவே இல்லையென்றால் நல்ல தறப்பாள் ஒன்றை வாங்கிப் படுக்கையறை மேல் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். போகும்போது அதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

மிச்சத்தில் 15,000ஐத் தொடாதீர்கள். அது ஓட்டோ ஓடாத நாட்களுக்கு. 2011 ஜனவரி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒன்று வந்தால் இரண்டு கிழமைச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்காமல் இருக்க வேண்டும். வங்கிப் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி, மகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பைக்குள் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அரிசி ஒரு மூடை முன்கூட்டியே வாங்கலாம், இரண்டு வேண்டாம். படுவான்கரையில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் புது நெல் வந்துவிடும்.

5,000 ரூபாயில் மாமிக்கு ஒரு கம்பளிப் போர்வை, காலுறை, மகளுக்குத் தரமான மழைக்கோட்டு. போர்வையில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஒரு முறை வாங்கினால் பல மாரிக்கு வரும்.

கடைசியாக ஒரு 6,000. இது உங்களுடையது. கார்த்திகை, மார்கழி, தை மூன்றுக்கும் மாதம் 2,000 என்று தனி உறையில் போடுங்கள். கணக்குக் கேட்கும் உரிமை கணவருக்கும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மழை விட்ட பின்னேரத்தில் காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்துக்கொண்டு நாலு பேரும் சுடச்சுடக் கச்சான் கொறிக்க என்ன செலவாகும்? கல்லடிப் பாலத்தில் வாடைக்காற்று முகத்தில் அடிக்க ஒரு நடை, திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயில், நத்தார் நேரம் புளியந்தீவுத் தெருக்களின் சோடனை எல்லாம் இலவசம். ஓட்டோவும் வீட்டிலேயே நிற்கிறது. வந்து ஈரம் துடைத்து, வேர்க்கொம்பு தட்டிப் போட்ட மல்லித்தண்ணியோடு, ஒழுகாத கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருங்கள். நீங்கள் ஆசைப்பட்ட மாரி அதுதானே?

ஹீற்றரை ஒரேயடியாக மறந்துவிடச் சொல்லவில்லை. மாமிக்கு வயது ஏறுகிறது, ஒரு நாள் தேவைப்படலாம். பங்குனி முதல் புரட்டாதி வரை ஓட்டோ நன்றாக ஓடும் ஏழு மாதத்தில் மாதம் 4,000 தனிக் கணக்கில் போட்டால் 28,000. வாடகையில் கழிந்து வரும் கூரைக் காசையும் அதே கணக்கில் போட்டால் 46,000. சீட்டுக் கட்டுவதென்றால், பல வருடம் அறிந்த ஆளிடம் மட்டும், ஐப்பசியில் சீட்டுக் காசு கிடைக்கும் முறையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். குறைகிற காசுக்கு உங்கள் அலுவலகத்தின் வட்டியில்லாத பண்டிகை முற்பணம் இருக்கிறது. ரொக்கம் கையில் இருக்கும்போது கடைக்காரரிடம் விலையும் பேசலாம். வாங்கும் நாளில் ஹீற்றருக்குத் தனி வயரும், சரியான ஏர்த்தும், ட்ரிப் சுவிட்ச்சும் உள்ளதா என்று கரண்ட் வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்து, வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கணக்கில் ஒரு 1,000 மிஞ்சியிருக்கிறது, கவனித்தீர்களா? நாளைக்கே மேசனைக் கூட்டி வந்து கூரையைக் காட்ட அது உதவும்.