டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதியவர் ஏன் முன்பைவிடச் சோர்ந்து தெரிகிறார்?

டிஸ்சார்ஜ் என்றால், இனி மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்வது. அவ்வளவுதான். நோய் அடங்கியிருக்கும், பலம் திரும்பியிருக்காது. அந்தப் பலத்தை மீட்பதுதான் தேறுதல், அது வீட்டில்தான் நடக்கும்.

காரணம் தசை. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. நோயும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! இழப்பது வேகம், திரும்புவது மெதுவு. வாரங்கள், சிலருக்கு மாதங்கள்.

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையில் கிடந்த விசைப்படகை அப்படியே கடலில் இறக்குவோமா? பலகை பார்த்து, வண்ணம் அடித்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதானே இறக்குவோம்.

சரி, என்ன செய்யலாம்? மருத்துவர் தடுக்கவில்லை என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதலில் திண்ணை வரை நடை, அப்புறம் தெருமுனை. வெறும் கஞ்சி போதாது. மீன், முட்டை, பருப்பு வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்டுக்கொண்டு). 2021ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், கேட்டுப் பாருங்கள்.

“வயசாயிருச்சு, படுத்து ஓய்வெடுக்கட்டும்” என்று பாசத்தில் சொல்கிறோம், ஆனால் நாள் முழுக்கப் படுத்திருந்தால் தசை மேலும் கரையும்.