பள்ளியில் முதலுதவி: எந்த வகுப்புக்கு எது?

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலுதவி கற்றுத்தருவது பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு எங்கள் பயிற்சிக் குழுவின் பதில்கள்.

கே: அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். வருஷத்துக்கு ஒருநாள் யாராவது வந்து முதலுதவி செய்து காட்டுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்கள். எந்த வகுப்பில் எதைத் தொடங்கலாம்?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

ப: பிள்ளைகள் பார்த்தார்களே தவிர, ஒருவரும் செய்து பார்க்கவில்லை. அதனால்தான் மறக்கிறது. வருஷத்தில் ஒரு முழு நாளை ஒதுக்குவதைவிட மாதம் 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை 108-ஐ அழைக்கப் பழக்குங்கள். எண் எல்லாருக்கும் தெரியும், பேசத்தான் தெரியாது. "மாரியம்மன் கோயில் பக்கத்துல" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை போனை வைத்துவிடும். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? ஊர், வட்டம், பக்கத்துப் பெரிய ஊர், அடையாளம், என்ன ஆயிற்று, அடிபட்டவர் பேசுகிறாரா, மூச்சு இருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லவும், அந்தப் பக்கம் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காமல் இருக்கவும் பழக வேண்டும். பூட்டியிருக்கும் செல்போனிலும் அவசர அழைப்புக்கு வழி உண்டு என்பதைத் தொட்டுக் காட்டுங்கள். இந்த வயதிலேயே, சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்கவும் கற்றுக்கொள்வார்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். 'நின்றுவிட்டதா?' என்று நடுவில் விரலை எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

இதயம் நின்றவரைக் காப்பாற்ற நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். பயிற்சிக்கு 12 வயது சரியான தொடக்கம். அந்த வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் கற்றுத்தர வேண்டும் என்ற பரிந்துரையை 2015-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. நார்வேயில் 1961-லிருந்தே இதைப் பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் முறை புரியும், ஆனால் பெரியவர் நெஞ்சை 5 செ.மீ. ஆழம் அழுத்துகிற உடல் எடை இருக்காது.

அழுத்திப் பழகும் பயிற்சிப் பொம்மை வாங்கப் பணம் இல்லையென்றால், காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி, பழைய துணி திணித்த சட்டைக்குள் நெஞ்சுப் பகுதியில் வையுங்கள். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். ஒரு பிள்ளையின் நெஞ்சில் இன்னொரு பிள்ளை அழுத்திப் பழகவே கூடாது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பதற்றத்தில் வேகம் கூடும், கை வயிற்றுப் பக்கம் வழுக்கும். இரண்டையும் கூடவே நின்று திருத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். எழாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிறையாது, அடுத்த அழுத்தம் வீண். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும்.

கே: மகளின் கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. என் அம்மா பற்பசை தடவினார். "பள்ளிக்கூடத்துல தடவக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றதற்குப் பிள்ளைக்குத் திட்டுதான் விழுந்தது. யார் சொன்னது சரி?
– வாசகர், மதுரை

ப: மகள் சொன்னதுதான் சரி. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சோறு வேகிற மாதிரி, கஞ்சியைத் துடைத்த பிறகும் சூடு தோலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். பற்பசையும் மாவும் மையும் அந்தச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புண்ணின் ஆழம் பார்க்க மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும், அதுதான் பெரிய வேதனை. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாய் இல்லையென்றால் வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் பெரியவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்புங்கள். "பாட்டி, முதல்ல தண்ணி, அப்புறம் மருந்து" என்றால் மரியாதையும் கெடாது, கையும் தப்பும்.

கே: வலிப்பு வந்த மாணவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. அப்படியானால் இரும்பு பலிக்கிறதுதானே?
– மாணவி, பத்தாம் வகுப்பு, சேலம்

ப: இல்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, பேர் சாவிக்குப் போகிறது. நீங்கள் செய்ய வேண்டியது: மணி பாருங்கள், பெஞ்சையும் பையையும் தள்ளி வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

கே: எங்கள் பிள்ளைகள் வயல் வரப்பில் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். பாம்புக்கடிக்கு என்ன சொல்லித்தருவது?
– உடற்கல்வி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

ப: கடிபட்ட பிள்ளை ஓடக் கூடாது, நடக்கவும் கூடாது. கொலுசு, அரைஞாண் போல இறுக்குவதைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலோடு ஒரு மட்டையையோ நீளமான ஸ்கேலையோ வைத்து, துப்பட்டாவால் ஆடாதபடி கட்டித் தூக்கிச் செல்ல வேண்டும். கட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். கயிறு போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். அவிழ்க்கும்போது விஷம் ஒரே மூச்சில் பாயும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. பாம்பை அடித்து எடுத்துவரவும் வேண்டாம்: நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது.

கட்டுவிரியன் ராத்திரியில், தூக்கத்தில் கடிக்கும். வலியோ வீக்கமோ பல சமயம் இருக்காது. காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லி, இமை தொங்கி, பேச்சுக் குழறினால், கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள்.