துவர்ப்பும் மணமும்: இத்தாலியச் சிவப்பு ஒயின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: இத்தாலியின் டூரின் நகரில் வேலை பார்க்கும் என் மருமகன், 2016ஆம் ஆண்டு அறுவடையில் செய்த ‘பரோலோ’ என்ற ஒயினை வாங்கி வந்து கொடுத்தார். விலை அதிகம் என்று சொன்னார். கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் கருஞ்சிவப்பாக இல்லை. வெளிறிப்போய், ஓரத்தில் செங்கல் நிறம் காட்டுகிறது. இது கெட்டுப்போனதா, இல்லை தண்ணீர் கலந்த சரக்கா?
— ஒரு வாசகர், பீபீகுளம், மதுரை

பதில்: இரண்டும் இல்லை, பரோலோவின் நிறமே அதுதான். வடமேற்கு இத்தாலியில் பியட்மான்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளில் விளையும் ‘நெபியோலோ’ என்ற ஒரே திராட்சை வகையிலிருந்து மட்டுமே பரோலோ செய்யப்பட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்தத் திராட்சையின் தோலில் நிறமிகள் குறைவு. இருக்கும் நிறமிகளும் காற்றுப் பட்டால் எளிதில் மாறிவிடும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே மற்ற ஒயின்கள் ஊதாச் சிவப்பாக இருக்கும் வயதிலேயே இது மாணிக்க நிறத்திலிருந்து செங்கல் நிறத்துக்குச் சாயத் தொடங்குகிறது. நிறத்தை வைத்து ஒயினின் ‘கனத்தை’ முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் மட்டுமல்ல, ஐரோப்பியரிடமும் உண்டு. நெபியோலோ அந்தப் பழக்கத்தைப் பொய்யாக்கும் திராட்சை: பார்வைக்கு மெலிந்திருக்கும், வாயில் வைத்தால் இறுக்கிப் பிடிக்கும்.

கண் நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் எழுதிய மணக் குறிப்புகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு மறந்துவிடுங்கள்.

உங்கள் கையிலிருப்பது நல்ல ஆண்டின் ஒயின் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் பரோலோவை வல்லுநர்கள் பரவலாகப் பாராட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: இதே போன்ற ஒரு பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் சித்திரை, வைகாசி முழுவதும் நின்றபடியே இருந்தது. குடிக்கலாமா? ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எங்கோ படித்தேன். அதனால்தான் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவில்லை.
— ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: ‘அறை வெப்பம்’ என்ற அறிவுரை, கற்சுவர் வைத்த பழைய ஐரோப்பிய வீடுகளை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது. அதன் பொருள் ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியஸ். மதுரையில் கோடைப் பகலில் 38, 39 பாகை என்பது வியப்பே இல்லை. மார்கழி விடியலில்கூட நம் வீட்டுக் கூடம் 18 பாகைக்கு இறங்குவது அபூர்வம். இந்த ஊரில் ஒயினுக்கு முதல் எதிரி வெயில்தான்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதன் வாயைப் பாருங்கள். வெப்பத்தில் ஒயின் விரியும்போது கார்க்கை மேலே தள்ளும். கார்க் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தாலோ, மேலுறைக்கு அடியில் ஒயின் கசிந்து பிசுபிசுத்திருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். திறந்ததும் புதிய பழத்தின் வாசனை வராமல், வேகவைத்துக் குழைத்த பழப்பாகின் வாசனை மட்டும் வந்தால் வெயில் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். உடலுக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்த விலை வீண். ஈர அட்டைப்பெட்டியும் பூஞ்சணமும் கலந்த வாடை அடித்தால் அது வெயிலின் குற்றமன்று. கார்க்கில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளின் விளைவு அது. பாட்டிலை எங்கே வைத்திருந்தாலும் நேரக்கூடியது.

இனி வாங்கினால், பாட்டிலைப் படுக்கை வசத்தில் வையுங்கள்; ஒயின் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கார்க் உலராமல் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேமிக்க 12 முதல் 14 பாகை உகந்தது. அதற்கு வசதி இல்லாதவர்கள் சில மாதங்களுக்குக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைப்பதே நம் ஊருக்கு நியாயமான வழி. பரிமாறும் நாளில் முக்கால் மணி நேரம் முன்பாக வெளியே எடுத்து வைத்தால், தொடும்போது குளுமை தெரியும் அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் சூடானால் சாராய நெடி முன்னால் வந்து மற்ற மணங்களை மறைக்கும். மிகவும் குளிர்ந்திருந்தாலோ துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக நிற்கும்.

கேள்வி: நண்பர் வீட்டில் பரோலோ குடித்தேன். நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துக்கொண்டன. போதாததற்குப் புளிப்பு வேறு. இதைப் போய் உலகம் ஏன் கொண்டாடுகிறது? நான் எதைத் தவறவிட்டேன்?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த ஒயினின் முதுகெலும்பை முதல் மிடறிலேயே தொட்டுவிட்டீர்கள்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டேனின் என்ற பொருள் உள்ளது. அது எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்கிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுவதால் நாக்கு மேலண்ணத்தில் உரசுவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. நாவல் பழம், வாழைப்பூ, பிஞ்சு மாதுளை, கொட்டைப் பாக்கு ஆகியவற்றைச் சிறு வயது முதல் உண்டு வளர்ந்த நமக்கு இந்த உணர்வு புதிதன்று. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாகவே வைத்து எண்ணியவர்கள் நாம். ஒயின் என்றால் இனிப்பாகத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு முதல் கோப்பையை எடுப்பதுதான் சிக்கல். கிறிஸ்துமஸ் காலத்து வீட்டு ஒயினையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

நெபியோலோவில் டேனின், புளிப்பு இரண்டுமே மிகுதி. அதனால்தான் பரோலோவை உடனே விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை: அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு 38 மாதங்கள் முதிர வேண்டும், அவற்றில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் கழிய வேண்டும். ‘ரிசர்வா’ என்று போட்டிருந்தால் 62 மாதங்கள். காலம் செல்லச் செல்ல டேனின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் இணைகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. எஞ்சியது வாயில் மென்மையாகப் படுகிறது. உங்கள் நண்பர் திறந்தது இளம் ஒயினாக இருந்தால், பத்து ஆண்டு கடந்த ஒன்றில் அதே துவர்ப்பு பட்டுத்துணி போல் இழைவதை நீங்கள் உணர்வீர்கள்.

மண்ணும் இதில் பங்கு கொள்கிறது. பரோலோ என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை 11 ஊர்களின் எல்லைக்குள் மட்டுமே உண்டு. அவற்றில் லா மோர்ரா, பரோலோ ஆகிய ஊர்ப்பக்கத்து ஒயின்கள் பொதுவாக மணம் மிகுந்து, சீக்கிரம் இளகிவிடுபவை. செர்ரலுங்கா, மான்ஃபோர்ட்டே பக்கத்தவை இறுகியவை, நீண்ட காலம் காத்திருக்கச் சொல்பவை. முதன்முறை வாங்குபவருக்கு லா மோர்ராவைத்தான் நான் சொல்வேன்.

அடுத்த முறை ஒரு மிடறை உடனே விழுங்காமல் வாய் முழுவதும் பரவ விடுங்கள். புளிப்பு நாக்கின் ஓரங்களில் நீர் ஊறச் செய்யும். துவர்ப்பு ஈறுகளை உலர்த்தும். இந்த இரண்டும் மாறி மாறி இழுக்கும்போது நடுவில் பழத்தின் சுவை தாக்குப்பிடிக்கிறதா என்று கவனியுங்கள். விழுங்கிய பின் துவர்ப்பு மட்டும் மிஞ்சினால் அது சாதாரண ஒயின். துவர்ப்பு விலகிய பின்னும் மணமும் சுவையும் அரை நிமிடமாவது தங்கினால், உலகம் ஏன் கொண்டாடுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

கேள்வி: பரோலோவில் ரோஜா மணம், தார் மணம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். திராட்சைச் சாற்றில் ரோஜாவும் தாரும் எங்கிருந்து வரும்? கதை விடுகிறார்களா?
— ஒரு கல்லூரி ஆசிரியர், மேலூர்

பதில்: சில வருணனைகள் கதைதான், ரோஜா கதையன்று. ரோஜா எண்ணெயின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்றாகிய பீட்டா-டமாசினோன் ஒயினிலும் இருக்கிறது. வேறு தாவரங்கள் ஒரே மூலக்கூறை உண்டாக்குவது இயற்கையில் வழக்கம்தான். தார் என்பது ஒப்புமை: புதிதாகப் போட்ட சாலையில் மதிய வெயில் படும்போது எழும் அந்தக் கரிய நெடியின் மிக மெல்லிய சாயல். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ரோஜாவோடு சேர்ந்து வரும்போது அதுதான் ஒயினுக்கு ஆழம் தருகிறது.

முகர்வதற்கு முறை உண்டு. வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக ஊற்றுங்கள். எவர்சில்வர் டம்ளர் இதற்கு உதவாது. அசைக்காமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கோப்பையை மெல்லச் சுழற்றிவிட்டு மீண்டும் முகருங்கள். ஒயின் சுவரில் பரவி ஆவியாகும் பரப்பு கூடுவதால் மணம் மாறியிருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு அருந்திவிட்டு, பாதியில் மூக்கை விட்டுப் பாருங்கள்: நாம் சுவை என்று நம்பியதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்குச் செல்லும் வாசனையே என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

ஐரோப்பியர் எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காட்டுச் செர்ரியை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. பன்னீர் ரோஜா, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கிராம்பு, அதிமதுரம், புகையிலை, தேயிலைத் தூள், மழைக்குப் பின் தோட்டத்து மண் என உங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள், அது போதும். ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன்: அன்று மாலை கூடத்தில் ஊதுவத்தி வேண்டாம், அடுக்களையில் பெருங்காயத் தாளிப்பு வேண்டாம், மல்லிகைச் சரத்தையும் வேறு அறையில் வைத்துவிடுங்கள். மதுரை மல்லியோடு போட்டியிட்டு வெல்லும் ஒயின் இன்னும் பிறக்கவில்லை.

இளம் பரோலோவைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைத்தால் காற்றுப் பட்டு மணம் விரியும். நம் வெப்பத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒயின் சூடாகிவிடும் என்பதால், கூஜாவைப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் அவ்வப்போது இறக்கி எடுங்கள்.

கேள்வி: மட்டன் சுக்கா, அயிரை மீன் குழம்பு, கறி தோசை இவற்றோடு சிவப்பு ஒயின் பொருந்துமா?
— ஒரு வாசகர், சிம்மக்கல், மதுரை

பதில்: அயிரை மீன் குழம்போடு வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேரும்போது வாயில் உலோக வாடையும் மீன் கவிச்சியும் எழும். மிளகாயும் புளியும் மீதியைக் கெடுக்கும். அந்தக் குழம்புக்குச் சோறே துணை.

ஆட்டிறைச்சியின் நிலை வேறு. அதன் புரதமும் கொழுப்பும் டேனினை வாங்கிக்கொள்வதால் துவர்ப்பு தணிந்து, ஒயின் வாயில் மென்மையாகப் படுகிறது. லாங்கே மக்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைப்பதும் இதை அறிந்துதான். ஆனால் அவர்கள் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. மிளகாயின் எரிச்சலைத் தூண்டும் அதே நரம்பு ஏற்பியைச் சாராயமும் தூண்டுகிறது. பரோலோவில் சாராயம் 13 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி, நடைமுறையில் 14ஐத் தொடுவது சாதாரணம். காரமான சுக்காவோடு குடித்தால் வாய் எரியும், ஒயினின் மணம் ஒன்றும் தெரியாது. மிளகாயை விலக்கி, மிளகும் சீரகமும் மட்டும் இட்டு, நல்லெண்ணெயில் சுருள வதக்கிய சுக்கா நன்றாகவே பொருந்தும். என் தேர்வு கோலா உருண்டை: கொத்திய இறைச்சி, பொட்டுக்கடலை, சோம்பு, பொரித்த மொறுமொறுப்பு, காரத்தை மட்டும் பாதியாக்கிவிடுங்கள். சைவர்கள் காளானை வெண்ணெயில் வதக்கி மிளகு தூவலாம். கறி தோசை நடுத்தரம்.

கேள்வி: எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையில் இப்படி ஒரு ஒயின் வராதா?
— ஒரு விவசாயி, தேனி மாவட்டம்

பதில்: நல்ல ஒயின் வரலாம், பரோலோ வராது. உங்கள் பன்னீர் திராட்சை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற வகை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதன் பெருமையே பழத்திலேயே மணப்பதும், ஆண்டு முழுவதும் காய்ப்பதும். நெபியோலோ ஆண்டுக்கு ஒரே அறுவடை. அக்டோபரில், மூடுபனி இறங்கும் காலத்தில், மெதுவாகப் பழுக்கிறது. அந்த நீண்ட குளிர்ந்த இலையுதிர்காலம் கம்பத்தில் இல்லை. உரிமம் இல்லாமல் முயல வேண்டாம் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?
— ஒரு வாசகி, விளாச்சேரி

பதில்: அந்த நம்பிக்கையோடு தொடங்க வேண்டாம். சாராயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்தாக எண்ணிக் குடிக்க இதில் ஒன்றுமில்லை. சுவைக்காகச் சிறிதளவு, எப்போதாவது என்றால் அது அவரவர் முடிவு.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?
— ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: கார்க்கைத் திரும்ப அழுத்தி, குளிர்பதனப் பெட்டியில் நிறுத்தி வைத்தால் இளம் பரோலோ இரண்டு, மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள் துவர்ப்பு சற்று இளகி, முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. மிகப் பழைய ஒயினை அன்றே முடித்துவிட வேண்டும். 750 மில்லி பாட்டிலை ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 125 மில்லி வரும், மறுநாளைக்கு மிச்சமும் இருக்காது. அடியில் வண்டல் கண்டால் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.