பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் தேடுகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: "வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்துவிட்டேன், எல்லாக் கடையிலும் இல்லை என்கிறார்கள்." பைக்கின் பெயரைக் கேட்டதுமே கடைக்காரர் இல்லை என்று சொல்லிவிடுகிறார். பழைய பிரிட்டிஷ் வண்டியான பி.எஸ்.ஏ.யின் பெயரில் அவரிடம் எதுவும் இருக்காது. ஆனால் நீங்கள் தேடும் அளவில் ஒரு பெயாரிங்கோ செயினோ அவருடைய அலுமாரியிலேயே இருக்கலாம். பெயரைச் சொல்லாமல் அளவைச் சொல்லிக் கேளுங்கள். கீழே இதையே இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பி.எஸ்.ஏ. எம்20 பல வருடமாக ஓடாமல் கிடக்கிறது. எந்த ஆண்டு வண்டி என்றுகூடத் தெரியாது. சாமான் வாங்குவதை எங்கே தொடங்குவது ஐயா? (தெமட்டகொடை வாசகர்)

இப்போதைக்குக் கடைக்குப் போகாதீர்கள் தம்பி. ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டோர்ச் லைட் போதும். சிலிண்டருக்குக் கீழே, இடது பக்கம், எஞ்சின் கேஸில் எண் அடித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு அதன்மேல் சோக்கட்டியால் தேயுங்கள், எழுத்து வெள்ளையாகத் தெளியும். ஹாண்டில் கழுத்துப் பக்கம் சேசி எண் இருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். அந்தக் கால பி.எஸ்.ஏ.யில் இரண்டும் வேறு வேறுதான். அதோடு எம்20 இரண்டாம் உலகப் போரில் இராணுவத்துக்கென்றே ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. இராணுவப் பட்டறைகளில் ஒன்றின் எஞ்சினை இன்னொன்றில் பூட்டுவது சாதாரணம். எண்ணுக்கு முன்னால் டபிள்யூ.எம்.20 என்று இருந்தால் அது போர்க்கால ஒப்பந்தத்துக்குச் செய்த வண்டி.

எண் கிடைத்ததும் அந்த மாடலுக்குரிய பாகப் பட்டியல் புத்தகத்தைத் தேடி எடுங்கள். இங்கிலாந்தில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பழைய பட்டியல்களின் பிரதியை விலைக்குத் தருகிறார்கள், எண்ணை வைத்து ஆண்டு பார்த்தும் சொல்கிறார்கள். பி.எஸ்.ஏ. பாக எண்ணின் முதல் இரண்டு இலக்கத்திலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது: எம்20 போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 66 அல்லது 65, பி.எஸ்.ஏ.யின் மற்ற மாடல்களான பான்டமுக்கு 90, சி15க்கு 40. விற்பவர் "எம்20 கியர்" என்று காட்டும் சாமானில் 90 என்று இருந்தால் கையைக்கூட வைக்காதீர்கள்.

கழட்டும்போது உடைந்தது, தேய்ந்தது, துருப்பிடித்தது எதையும் வீசக் கூடாது. புதிது செய்பவருக்கு அந்த உடைந்த துண்டுதான் அளவு. துருப்பிடித்த வாஷரைக்கூட ஒரு சிறு பையில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள்.

மெக்கானிக் பாஸ் ஒருவர் எஞ்சின் போல்ட் எல்லாவற்றையும் புதிய மெட்ரிக் போல்டாக மாற்றித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பாழாவதற்குத் துருவைவிடப் பெரிய காரணம் இதுதான்.

உங்கள் வண்டியில் ஒரே அளவுப் போல்டிலேயே மூன்று நான்கு வகைப் புரி (போல்டைச் சுற்றி வெட்டியிருக்கும் திருகு வரி) இருக்கும். அலுமினியத்துக்குள் போவது பெரும்பாலும் விட்வர்த், அது பரும் புரி. இரும்பிலும் எஃகிலும் பி.எஸ்.எஃப். என்ற நுண்புரியோ, சைக்கிள் புரியோ. லூக்காஸ் நிறுவனத்தின் மின்சாமான்களில் பி.ஏ. என்ற சின்னப் புரி. பதினாறில் ஐந்து அங்குலப் போல்டை எடுங்கள். விட்வர்த் என்றால் அங்குலத்துக்கு 18 சுற்று, பி.எஸ்.எஃப். என்றால் 22, சைக்கிள் புரி என்றால் 26. மூன்றின் தடிப்பும் ஒன்றே, 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எம்8 என்ற 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்டும் ஏறக்குறைய அதே தடிப்பு. அங்கேதான் ஆபத்து. எம்8இன் புரி அங்குலத்துக்குச் சுமார் 20. பி.எஸ்.எஃப். துவாரத்தில் வைத்துத் திருகினால் முதல் ஓரிரு சுற்று சுகமாகப் போகும். பிறகு இறுகும். "சரி, பிடிக்கிறது" என்று ஸ்பானரைப் போட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் புரியைச் சீவிக்கொண்டு போகும். எழுபது வருடம் தாங்கிய கேஸ் அத்தோடு முடிந்தது.

புரி அளக்கும் சீப்பு ஒன்று வாங்குங்கள். தகடு தகடாக, ஒவ்வொன்றிலும் பல் வெட்டியிருக்கும். 55 பாகை விட்வர்த் தகடுகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெட்ரிக் தகடுகள் 60 பாகை. போல்டின்மேல் தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லுக்கும் புரிக்கும் நடுவே வெளிச்சம் தெரியாமல் அமர்ந்தால் அதுதான் அளவு. எண்ணிக்கையை எழுதிக்கொண்டு பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கத்துப் போல்ட் கடைகளில் கேளுங்கள். விட்வர்த் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. சைக்கிள் புரி கிடைப்பது அரிது. அதை நல்ல லேத்காரரிடம் சொல்லி, கிளட்ச், அக்சில் போன்ற பாரம் தாங்கும் இடமென்றால் நல்ல எஃகில் வெட்டுவியுங்கள்.

துவாரத்தின் புரி ஏற்கெனவே போய்விட்டதென்றால், பெரிதாகத் துளைத்து மெட்ரிக் வெட்டாமல், அதே பழைய அளவில் சுருள் இன்செர்ட் (துவாரத்துக்குள் புதுப் புரியாக அமரும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் மூலப் போல்டே திரும்பப் போகும்.

ஸ்பானரும் அதே கதைதான். கால் அங்குல விட்வர்த் நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர். 13 போகாது, 14 வழுக்கி மூலையை உருட்டிவிடும். விட்வர்த் ஸ்பானர் செட் ஒன்று சொந்தமாக வைத்திருங்கள். வேலைக்கு வண்டியைக் கொடுத்தால் ஸ்பானரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அப்பாவின் பான்டம் டி1. டயர், செயின், பெயாரிங் மூன்றும் மாற்றவேண்டும். இங்கிலாந்திலிருந்துதான் எடுப்பிக்கவேண்டுமா அண்ணா? (வெள்ளவத்தை வாசகி)

மூன்றையும் முதலில் கொழும்பிலேயே தேடலாம் தங்கச்சி. டி1க்கு டயர் 2.75-19. 18 அங்குல டயரைக் காட்டி "இதுவும் பான்டமுக்குத்தான்" என்று சொன்னால் வாங்கவேண்டாம், அது பின்னால் வந்த டி7 போன்றவற்றுக்கு. டயரோடு டியூபும் ரிம் டேப்பும் மாற்றுங்கள். கடற்காற்றுப் படும் வீடென்றால் ரிம்மின் உட்பக்கம் துரு தின்றிருக்கும், டயரைக் கழட்டும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.

செயினில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஜப்பான், இந்திய வண்டிகளின் செயினும் அங்குலக் கணக்குத்தான். 428 என்றால் அரை அங்குலப் பிச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்), பதினாறில் ஐந்து அங்குல அகலம். 520, 530 இரண்டும் எட்டில் ஐந்து பிச், அகலம்தான் வேறு. பழைய செயினின் பிச்சையும் அகலத்தையும் வேணியர் இடுக்கியால் அளந்து, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பல்சக்கரம் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றாமல் புதுச் செயின் போடுவது வீண்.

பெயாரிங்கில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளில் சில இடத்தில் மெட்ரிக், சில இடத்தில் அங்குலம். ஓரத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். 62, 63 என்று தொடங்கினால் மெட்ரிக், தாராளமாகக் கிடைக்கும். எல்.ஜே., எம்.ஜே., ஆர்.எல்.எஸ்., ஆர்.எம்.எஸ். என்றால் அங்குலம். உதாரணத்துக்கு ஆர்.எல்.எஸ்.8 என்பது 25.4 மில்லிமீட்டர் துவாரம், 57.15 வெளிவிட்டம். அதற்குப் பதிலாக 6205ஐக் கொடுப்பார்கள், அது 25க்கு 52. தண்டை 0.4 மில்லிமீட்டர் கடைந்து ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அங்குலப் பெயாரிங் இன்றும் செய்யப்படுகிறது. தண்டு ஒன்றுதான், அதைக் கெடுக்கக் கூடாது.

காலையில் ஓர் உதையில் ஸ்டார்ட் ஆகிறது. கொள்ளுப்பிட்டியில் ட்ரபிக்கில் சூடாகி நின்றால் பிறகு உயிரே இல்லை. காபரேட்டரை மாற்றவேண்டுமா? (பம்பலப்பிட்டி)

காபரேட்டரைத் தொடுவதற்கு முன், பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மக்னெட்டோவைப் பாருங்கள். நின்ற உடனேயே பிளக்கைக் கழட்டிப் புதுப் பிளக் ஒன்றைப் பூட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து உதையுங்கள். தீப்பொறி இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, அரை மணி நேரம் ஆறிய பிறகு நன்றாக வந்தால் குற்றவாளி மக்னெட்டோதான். லூக்காஸ் மக்னெட்டோவில் சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே கப்பாசிட்டர் இருக்கிறது. பழையது சூடானால் கசியத் தொடங்கும். சுருளின் காப்பும் அப்படித்தான். முதலில் பொயின்ட் இடைவெளியைப் பாருங்கள், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.3 மில்லிமீட்டர். ஸ்லிப் ரிங்கையும் துடைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கப்பாசிட்டர்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் மக்னெட்டோவைக் கொடுக்காதீர்கள். டைனமோவைத் தாராளமாகக் கொடுக்கலாம், அது தடித்த கம்பி, நம் ஊர்க் கைகளுக்குப் பழகிய வேலை. மக்னெட்டோவின் இரண்டாம் சுருளில் முடியைப்போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, நடுவே காற்று இல்லாமல் வார்னிஷ் ஏற்றவேண்டும். நம் ஈரப்பதத்தில் அரைகுறையாகச் செய்தது ஒரு மழைக்காலம் தாங்காது. ஆர்மேச்சரை மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பிச் சுற்றுவிப்பதில் செலவழிக்கும் காசு வீண்போகாது. பழைய மக்னெட்டோ ஒன்றை மாற்றாக வாங்குவதானால் அது சுற்றும் திசையைப் பார்த்து வாங்குங்கள்.

அமால் காபரேட்டர் தேய்ந்துவிட்டது. ஏதாவது ஜப்பான் காபரேட்டரைப் போடலாமா? (கிருலப்பனை)

போட்டால் ஓடும். ஆனால் அமால் இன்றும் புதிதாகவே செய்யப்படுகிறது, இங்கிலாந்தின் பர்லன் நிறுவனம் செய்கிறது. ஜெட், ஊசி, மிதவை தனித்தனியாகவும் வாங்கலாம். உடம்பில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கேளுங்கள்: 276, 376 என்று வரும். உடம்பு நல்லதாக இருந்து, உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைட் மட்டும் ஆடினால் கைத்திறன் உள்ள லேத்காரர் பித்தளையில் ஸ்லீவ் போட்டுச் சரிசெய்வார். எஞ்சினோடு சேரும் முகம் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் துண்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு நட்டையும் அளவுக்கு மிஞ்சி இறுக்கியவர்கள் செய்துவிட்டுப் போன வேலை அது.

முழங்கால் ரப்பர், மிதி ரப்பர், ஹாண்டில் பிடி எல்லாம் வெடித்துவிட்டன. ஸ்பீடோமீட்டரும் வேலை செய்யவில்லை. (மட்டக்குளி)

ரப்பர் விளையும் நாட்டில் மிதி ரப்பரைப் பவுண்டில் வாங்குவது எனக்கு மனம் வரவில்லை. பழையதை மாதிரியாகக் கொடுத்தால் அச்சுச் செய்து வார்த்துத் தரும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அச்சுக்குத்தான் செலவு, அதே வண்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஊதிக் கரையும். மிதி, முழங்கால், பிடி இவற்றுக்கு அது போதும். பெட்ரோல் குழாய்க்கும் எண்ணெய் சீலுக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்தான்.

ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டர் என்றால், முள் வழுக்கிப் போகாமல் தாவித் தாவிப் போவது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். பாதி நேரம் கேபிள்தான் அறுந்திருக்கும். மீட்டர் உண்மையிலேயே நின்றிருந்தால் திருத்துவியுங்கள், மணிக்கூடு திருத்தும் கை வேண்டும். புதிதாக விற்கும் போலி மீட்டர் வேண்டாம்.

இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால் வரியோடு எவ்வளவு வரும்? (தெஹிவளை)

சாமானின் விலைக்கு மட்டும் வரி இல்லை. அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் கூட்டிய பெறுமதிக்குத்தான் சுங்கம் கணக்குப் பார்க்கும், அதன்மேல் 18 வீத வற் வரியும் வரும். ஆகவே சின்னச் சின்னப் பொதியாக எடுப்பிக்காமல் கேஸ்கட், சீல், ஜெட், பெயாரிங் எல்லாவற்றையும் ஒரே பொதியில், முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுப்பியுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு அவர்கள் நாட்டின் 20 வீத வற் வரியைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சிலர் கழிப்பதில்லை. பி.எஸ்.ஏ., ஏரியல் சாமான்களுக்கு சஃபோக் பகுதி பங்கேயில் உள்ள டிராகன்ஃபிளை பழைய கடை. மாட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். வைத்திருப்பவர்கள் அந்த வண்டிகளின் உரிமையாளர் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள், அங்கத்தவர்களுக்கென்றே சாமான் விற்கிறார்கள். பாவித்த பாகம் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

1950களின் என்ஃபீல்ட் புல்லட் 350க்கு இந்தியச் சாமான் பொருந்துமா? (வத்தளை)

பல பொருந்தும். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா இங்கிலாந்தின் ரெடிச் தொழிற்சாலையின் அதே வடிவத்தைத்தான் பல பத்தாண்டுகள் செய்தது. சிலிண்டர், பிஸ்டன், கிளட்ச் பக்கம் துணிந்து கேட்கலாம். ஆனால் காலப்போக்கில் மாற்றங்கள் வந்திருக்கின்றன, பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் காசு கொடுக்கவேண்டாம்.

எஞ்சின் கேஸ் வெடித்துவிட்டது. வேறு கேஸ் கிடைத்திருக்கிறது. பழைய எண்ணை அதில் அடித்துக்கொள்ளலாமா? (கொழும்பு 13)

கூடாது, அது குற்றம். வாங்கிய ரசீதோடு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் எஞ்சின் மாற்றத்தைப் பதிவுசெய்யுங்கள். உங்களுடையது இலக்கத்தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்து இலக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வண்டிக்குப் புத்தகமும் எண்ணும் ஒத்துப்போவது எந்தச் சாமானையும்விடப் பெறுமதியானது. அதற்கு முன் வெடித்த கேஸை நல்ல அலுமினிய வெல்டிங்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். பெயாரிங் உட்காரும் இடத்தில் வெடிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், மாற்று கேஸும் பதிவு வேலையும் தேவைப்படாது.